நில அளவைக் குறிப்பு

பாச்சுக்காவிலிருந்து இரண்டு பேருந்து மாறி
முக்காலியும் நாடாவும் சுமந்து போனேன்.
மெஸ்கித்தால் பள்ளத்தாக்கு. சனிக்கிழமை.
நீதிமன்ற உத்தரவில்
இரண்டு பெயர், ஒரே தகப்பன் பெயர்.

நிகாந்த்ரோ கிழக்கே நின்றான்.
எஃப்ரேன் மேற்கே.
பதினோரு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை என்று
கழுதை மேய்த்த பையன் சொன்னான்,
கேட்காமலே.

வடக்குக் கல்லில் தொடங்கினேன்.
ஆனைக்கற்றாழை வரிசை, கோழிக்கூடு,
உடைந்த லாரியின் கதவு,
எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு வந்த நூல்
நாற்பத்திரண்டாம் மீட்டரில்
ஒரு குழியின் வாய்க்கு நேர்மேலே
விறைத்து நின்றது.

வட்டக் குழி. உள்ளே செங்கல்.
ஆளிறங்கினால் மார்பு மறையும் ஆழம்.
அடியில் சீமைக்கருவேலக் கட்டைகள்
அப்போதுதான் கங்காகிக்கொண்டிருந்தன.
நூல் கருகி அறுந்தது.
மறுபடி கட்டினேன்.
மறுபடி அறுந்தது.
பங்காளிகள் இருவரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு அளக்கலாம்" என்றாள் சேனாய்தா.
இருவரில் யார் மனைவி என்று
அப்போது எனக்குத் தெரியாது.
கடைசிப் பேருந்தும் போயிருந்தது.

கிழக்கிலிருந்து ஆடு வந்தது,
துண்டங்களாக, உப்புப் பூசி.
மேற்கிலிருந்து கற்றாழை மடல்கள்,
துணிபோல மடங்கும்வரை தீயில் வாட்டியவை.
அடியில் ஓர் அண்டா:
கொண்டைக்கடலை, அரிசி, புகையில் உலர்ந்த மிளகாய்.
அதன்மேல் கம்பி வலை, வலைமேல் கறி.
ஈரலும் குடலும் திணித்துத் தைத்த இரைப்பை
எல்லாவற்றுக்கும் உச்சியில்,
ஊர்வலத்தில் தோளேறிய குழந்தை மாதிரி.

தகரமூடி கனம். ஒருவரால் ஆகாது.
ஒருவன் இந்தக் காதைப் பிடித்தான்,
மற்றவன் அந்தக் காதை.
கொஞ்சம் உன் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை.
சரியாக உட்கார்ந்தது.
பிறகு சேறு, பிறகு மண்.
புகை கசிந்த இடத்தையெல்லாம்
நான்கு கைகள் தேடித் தேடி அடைத்தன.
சேறு பூசிய கையில் எது யாருடையது என்று
சொல்லும் கருவி என் பையில் இல்லை.

கோபக்காரன் பக்கத்தில் நின்றால்
குழிக்குள் கறி வேகாது என்பார்கள் இங்கே.
சேனாய்தாவிடம் கேட்டேன்.
"வாரம் தவறாமல் சந்தைக்குப் போகிறது.
ஒரு ஞாயிறுகூடப் பச்சையாய் வந்ததில்லை"
என்றவள் போர்வையை என்மேல் எறிந்துவிட்டு
நடந்தாள்,
மேற்கே.

குழியருகே படுத்தேன். தரை சூடாக இருந்தது.
முதுகுக்குக் கீழே எங்கேயோ
ஓர் ஆடு மெல்ல எலும்பை விட்டுக்கொண்டிருந்தது.
சத்தமே இல்லை.
சதை பிரிய
ஓர் இரவு முழுதும் வேண்டியிருக்கிறது.
எனக்கு ஒரு நூல் போதும்.
நாயொன்று வந்து
இரண்டு பக்கமும் மோந்துவிட்டு
நடுவில் சுருண்டது.

நான்கு மணிக்கு மண்ணை விலக்கினார்கள்.
மூடி எழுந்ததும் கிளம்பிய ஆவி
இரண்டு முகத்தையும் சேர்த்து மறைத்தது.
உள்ளே யாரோ மெல்லும் சத்தம்.
"உப்புக் கம்மி."
சற்றுக் கழித்து இன்னொரு குரல்:
"போன வாரம் கரித்தது."
ஆவி விலகியபோது
இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்,
வேறு யாரோ பேசியதுபோல.

கிண்ணத்தில் அடிச்சாறு கொடுத்தார்கள்.
எலுமிச்சை பிழிந்து குடித்தேன். நாக்கு வெந்தது.
அவர்கள் சந்தைக்குப் போனபின்
சூடாறிய குழிமேல் நூலை ஓட்டினேன்.
அறவில்லை.

திங்களன்று படிவம்.
வடக்குக் கல்: உண்டு. தெற்குக் கல்: உண்டு.
நாற்பத்திரண்டில் குழி ஒன்று.
குறுக்களவு, ஆழம், செங்கல்.
யாருக்குச் சேரும் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று
மேலதிகாரியைக் கேட்டேன்.
"பாதி பாதி" என்றார், தலை நிமிராமல்.
எழுதினேன். அழித்தேன்.
விரலில் இன்னும் புகை மணந்தது.
அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.

நூலுக்கு ஆன செலவை,
இரண்டு முறை அறுந்ததால்,
தனியாகக் கேட்டிருக்கிறேன்.